கொல்லைக் கூண்டும் கூடத்துத் தூளியும்

ஃபெரெட்டை எப்படி வளர்ப்பது என்று இங்கிலாந்தின் யார்க்‌ஷர் கிராமத்தில் முயல் பிடிக்கிற முதியவர் ஒருவரிடம் கேட்டால், வலை, வைக்கோல், முயல் ஈரல், கழுத்தில் கட்டும் ரேடியோ பட்டை என்று பேச்சு போகும். அதே கேள்வியை அமெரிக்காவின் ஒஹாயோவில் அடுக்ககத்தில் குடியிருக்கும் கல்லூரி மாணவியிடம் கேட்டால் தூளி, மணல் தட்டு, நகவெட்டி, ஹார்மோன் ஊசி என்று வரும். இருவரும் இரண்டு வெவ்வேறு பிராணிகளைப் பற்றிப் பேசுகிறார்களோ என்று சந்தேகமே வந்துவிடும். பிராணி ஒன்றுதான். அது வாழும் வீடுகள்தான் இரண்டு. அந்த வீடுகள் அதன் உடம்புக்குள் போய் என்ன செய்திருக்கின்றன என்பதைத்தான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நினைக்கிறேன்.

முதலில் ஆளை அடையாளம் காட்டிவிடுகிறேன். நம் ஊர்க் கீரியை இன்னும் கொஞ்சம் இழுத்து நீட்டி, காலைக் குட்டையாக்கி, கண்ணைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை தீட்டினால் ஏறக்குறைய ஃபெரெட் வந்துவிடும். உறவு என்னவோ கீரியோடு இல்லை. காவிரியில் மீன் பிடிக்கும் நீர்நாயும் நீலகிரி மார்ட்டினும்தான் இதற்குப் பங்காளிகள். ஆண் 1 முதல் 2 கிலோ வரை இருக்கும், பெண் அதில் பாதி. ஐரோப்பாவின் போல்கேட் என்ற காட்டு விலங்கிலிருந்து மனிதன் பழக்கி எடுத்த இனம் இது. பழக்கி 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. லிபியாவிலிருந்து கொண்டுவந்த பிராணிகளுக்கு வாய்க்கட்டு போட்டு, ஸ்பெயின் பக்கத்து முயல் வளைகளுக்குள் அனுப்பினார்கள் என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியது இதைத்தான் என்பது பலர் கருத்து. ஆகவே காட்டிலிருந்து பிடித்து வந்து அடைத்துவிட்டார்கள் என்று யாரும் பரிதாபப்பட வேண்டியதில்லை. திரும்பிப் போக இதற்குக் காடு கிடையாது.

பிரிட்டனில் இது வேலைக்காரப் பிராணி. 1281லேயே அரண்மனைக் கணக்கில் ஃபெரெட் மேய்க்க ஓர் ஆள் இருந்திருக்கிறார். 1390 வாக்கில் இரண்டாம் ரிச்சர்ட் காலத்துச் சட்டம், ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் நிலம் இல்லாதவன் ஃபெரெட் வைத்திருக்கக் கூடாது என்றது. ஏழை வீட்டு அடுப்பில் முயல்கறி வேகுவது பிரபுக்களுக்கு அவ்வளவு பிடிக்கவில்லை போலும். சட்டத்தை மீறியும் அது கொல்லைப்புறக் கூண்டில் தங்கிவிட்டது. குளிர்காலத்தில் வளையின் வாய்களில் வலை விரித்து, ஒரு வாயில் ஃபெரெட்டை உள்ளே விட்டால், முயல் தலைதெறிக்க வெளியே ஓடிவந்து வலையில் விழும். இந்தத் தொழிலில் கொடுமையும் உண்டு. வளைக்குள்ளேயே முயலைக் கொன்று தின்றுவிட்டுத் தூங்கிவிடும் என்பதற்காகப் பழைய காலத்தில் உதட்டைத் தைத்து அனுப்பியவர்களும் இருந்தார்கள். 1953ல் மிக்சோமடோசிஸ் என்ற முயல் நோய் பிரிட்டனுக்குள் வந்து முயல் கூட்டத்தையே வாரிக்கொண்டு போனபோது வேலை குறைந்தது. ஃபெரெட் கூண்டிலிருந்து மெல்ல வீட்டு வாசலுக்கு நகர்ந்தது அதன் பிறகுதான்.

அமெரிக்காவிலும் அது எலி பிடிக்கத்தான் கப்பலேறிப் போனது. 1900களின் தொடக்கத்தில் ஒஹாயோவின் நியூ லண்டன் என்ற சிற்றூரில் ஃபெரெட் வளர்ப்பு ஒரு தொழிலாகவே நடந்தது. எலி பாஷாணம் மலிவானதும் அந்த வேலை போயிற்று. பிறகு 1970, 80களில் அது திரும்பி வந்தபோது செல்லப் பிராணிக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்தது. கடைகளில் விற்கும் குட்டிகளில் பெரும்பகுதி 1939ல் தொடங்கிய, நியூயார்க் மாநிலத்து மார்ஷல் பண்ணையிலிருந்து வருகிறது. வலக் காதில் பச்சை குத்திய இரண்டு நீலப் புள்ளிகள் அதன் முத்திரை. அந்தப் புள்ளிகள் இருந்தால், ஐந்தாறு வாரக் குட்டியாக இருக்கும்போதே அதற்குக் கருத்தடை அறுவையும் ஆசனவாய்ச் சுரப்பி நீக்கமும் முடிந்துவிட்டன என்று அர்த்தம். வாங்குபவருக்குத் தீர்மானிக்க எதுவும் மிச்சமில்லை.

அன்றாடம் என்று பார்த்தால் இரண்டு வீட்டிலும் பெரும்பகுதி தூக்கம்தான். நாளுக்கு 14 முதல் 18 மணி நேரம். சில சமயம் தூக்கிக் குலுக்கினாலும் துவண்டு தொங்கும். செத்துவிட்டது என்று அழுதவர்கள் நிறையப் பேர். விழித்திருக்கும் சில மணி நேரம் மட்டும் இடி மின்னல். இங்கிலாந்தில் அது தூங்குவது கொட்டகையிலோ தோட்டத்து ஓரத்திலோ உள்ள மரக்கூண்டில், வைக்கோலுக்குள் புதைந்து. அமெரிக்காவில் மூன்றடுக்குக் கம்பிக் கூண்டில், துணித் தூளியில். தூளி வசதியானதுதான், மறுக்கவில்லை. ஆனால் கொட்டகையில் மாலை ஐந்து மணிக்கு இருட்டினால் இருட்டுதான். கூடத்தில் இரவு பதினோரு மணி வரை டியூப்லைட். ஃபெரெட்டின் உடம்பு வெளிச்சத்தை வைத்து மாதம் எண்ணும் உடம்பு. நாள் குறுகும்போது கொழுப்பு ஏறி, ரோமம் அடர்ந்து, எடை கூடும். நாள் நீளும்போது மெலிந்து இனப்பெருக்கப் பருவத்துக்கு வரும். வருடம் முழுக்க மின்விளக்கின் கீழ் இருக்கும் பிராணிக்கு நிரந்தரக் கோடை. இது சின்ன விஷயமாகத் தெரியும். பின்னால் நோய் என்று வரும்போது இதன் கணக்கு தெரியும்.

கொல்லைக் கூண்டை ரொம்பவும் புகழ வேண்டாம். ஜில் என்று அங்கே சொல்லப்படும் பெண் ஃபெரெட்டின் கதை ஒன்றே போதும். வசந்தத்தில் அவள் பருவத்துக்கு வருவாள். ஆண் கூடினால்தான் முட்டை வெளிப்படும். கூடாவிட்டால் பருவம் தானாக அடங்காது, கோடை முழுவதும் நீடிக்கும். அத்தனை நாளும் இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் உயர்ந்தே இருக்கும். அது எலும்பு மஜ்ஜையை நசுக்கிவிடும். ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தால் இரத்தம் ஊறாமல் வெளிறி, உள்ளே கசிந்து சாகிற அபாயம் உண்டு. கொல்லைக்காரர்களுக்கு இந்தச் சாவு பழகிப்போன ஒன்றாக இருந்தது. அவர்கள் கண்ட வழி மூன்று. ஒன்று, ஆண்டுதோறும் இணை சேர்த்துக் குட்டி போட வைப்பது. ஒரு ஈற்றுக்கு ஆறு முதல் எட்டு குட்டி என்றால் யாருக்குக் கொடுப்பது? இரண்டாவது, விந்துக்குழாயை மட்டும் வெட்டிவிட்ட ஆணை வைத்துக்கொள்வது. அவன் கூடினால் பருவம் அடங்கும், குட்டி பிறக்காது. ஆறு வாரம் பொய்ச்சினை. ஊருக்கு ஒருவர் அப்படி ஓர் ஆணை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துக்கு இரவல் கொடுப்பதும் நடக்கும். அதில் தொற்று பரவும் என்று மருத்துவர்கள் முகம் சுளிப்பார்கள். மூன்றாவது, பருவத் தொடக்கத்தில் மருத்துவரிடம் போட்டுக்கொள்ளும் ஹார்மோன் ஊசி. மூன்றும் உடம்பைக் குறைக்காத வழிகள். மூன்றுக்கும் மார்ச் மாதத்தில் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிற ஆள் வேண்டும்.

அமெரிக்கக் கூடத்தில் இந்தத் தலைவலியே இல்லை. அறுவை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் மூன்று நான்கு வயதில் வாலில் ரோமம் உதிரத் தொடங்கும். அது முதுகுக்கு ஏறும். தோல் காகிதமாக மெலியும். கருப்பையே எடுக்கப்பட்ட பெண்ணுக்குப் பருவத்தில் இருப்பவளைப்போல் பிறப்புறுப்பு வீங்கும். ஆணுக்கு விரை இல்லாவிட்டாலும் பழைய துர்நாற்றமும் முரட்டுத்தனமும் திரும்பி வரும். புராஸ்டேட் பெருத்துச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் அது அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டிய அவசரம். அட்ரினல் நோய் என்பார்கள். நடப்பது இதுதான்: மூளையிலிருந்து இனப்பெருக்க உறுப்புகளுக்கு ஒரு கட்டளை போகும், அவை சுரக்கும் ஹார்மோன், ‘போதும், நிறுத்து’ என்று மூளைக்குத் திருப்பிச் சொல்லும். உறுப்புகளை எடுத்துவிட்டால் நிறுத்தச் சொல்ல ஆளில்லை. கட்டளை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது. அதைக் கேட்கும் காது அட்ரினல் சுரப்பிக்கும் உண்டு. அது பெருத்து, கட்டியாகி, இல்லாத உறுப்பின் வேலையைத் தான் எடுத்துச் செய்கிறது. நீண்ட வெளிச்சம் அந்தக் கட்டளையை இன்னும் தூண்டிவிடும். டியூப்லைட்டின் கணக்கு இங்கேதான் வந்து சேர்கிறது.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் 2000ல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு திருப்பம். அங்கே ஃபெரெட்டுகளுக்குக் கிட்டத்தட்ட வளர்ந்த பிறகுதான் அறுவை செய்வார்கள். அறுவை எந்த வயதில் நடந்தாலும் அதற்கும் நோய் தலைகாட்டுவதற்கும் இடையே சராசரியாக மூன்றரை ஆண்டு என்று அவர்கள் கண்டார்கள். அதாவது ஆறாவது வாரத்தில் அறுத்தால் இளமையிலேயே நோய், ஒரு வயதில் அறுத்தால் சற்றுத் தள்ளி நோய். பிரிட்டனிலும் வீட்டுக்குள் ஃபெரெட் வரத் தொடங்கி, நாயையும் பூனையையும் போல் இதற்கும் அறுவை செய்வது பழக்கமானபோது, அதுவரை அரிதாக இருந்த வழுக்கை வால்கள் அங்கும் மருத்துவர் மேசைக்கு வந்தன. அமெரிக்கப் பண்ணையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பண்ணை செய்தது நோயை முன்னால் இழுத்துவந்தது. நோயின் விதை கத்தியிலேயே இருக்கிறது. அதற்காகக் கத்தியைத் தொடாதே என்றும் சொல்லிவிட முடியாது. கவனிக்க ஆளில்லாத வீட்டில் அறுவை செய்யாத ஜில் மூன்றரை ஆண்டு காத்திருக்க மாட்டாள், முதல் கோடையிலேயே போய்விடுவாள்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஃபெரெட் முழு மாமிசப் பட்சிணி. பெருங்குடல்வாய்ப் பை அதற்குக் கிடையாது. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். நார்ச்சத்தும் மாவும் அதற்குப் பாரம். பிரிட்டிஷ் கொல்லைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்து, வயிற்றுப்போக்கை அந்த இனத்தின் குணமாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். மலிவு என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் இருந்ததாகத் தெரியவில்லை. இன்று அங்கே முயலை ரோமத்தோடும் எலும்போடும் அப்படியே போடுகிறார்கள். பொரிப்பகங்களில் கழிக்கப்படும் ஒருநாள் கோழிக்குஞ்சுகளை உறையவைத்தும் வாங்குகிறார்கள். எலும்பை மெல்வதில் பல் சுத்தமாகிறது. அமெரிக்கக் கூடத்தில் உலர்தீனி. நல்ல தீனியில் புரதம் 35 விழுக்காட்டுக்குக் குறையாமலும் கொழுப்பு 15 முதல் 20 வரையிலும் இருக்கும். ஆனால் மாவு சேர்க்காமல் உருண்டை பிடிக்க முடியாதே. மேலே கொசுறாக உலர்திராட்சை கொடுக்கும் பழக்கமும் அங்கே வெகுகாலம் இருந்தது. கணையத்தில் கட்டி வந்து இன்சுலின் மிகையாகச் சுரந்து சர்க்கரை அடியோடு இறங்கும் இன்சுலினோமா, அமெரிக்க ஃபெரெட்டுகளின் முதுமையில் மிகச் சாதாரணம். வெறித்த பார்வை, வாயோரம் எச்சில், முன்னங்காலால் வாயைப் பிறாண்டுவது, பின்னங்கால் இழுப்பது இவை அடையாளம். ஈறில் துளி தேன் தடவிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். மாவுத் தீனியைப் பலர் சந்தேகிக்கிறார்கள். ஒரே பண்ணையின் ஒரே இரத்தத்தைச் சிலர் சந்தேகிக்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. இரண்டு வீட்டிலும் தவறக் கூடாத விதி ஒன்று: முதல் ஆறு மாதத்தில் எதைத் தின்று பழகியதோ அதைத்தான் ஃபெரெட் உணவென்று ஏற்கும். குட்டியிலேயே இரண்டு மூன்று வகையைக் காட்டிவைக்காவிட்டால், பின்னால் தீனி மாற்றும்போது பட்டினி கிடந்து பிடிவாதம் பிடிக்கும்.

கிடைத்ததை ஒளித்துவைக்கும் குணம் இரு வீட்டுக்கும் பொது. விளைவுதான் வேறு. கொல்லைக் கூண்டில் அது முயல் காலை வைக்கோலுக்கு அடியில் பதுக்கும். ஜூலை மாதத்தில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். நாள் தவறாமல் படுக்கையைக் கிளறிப் பார்ப்பது அங்கே முதல் கடமை. கூடத்தில் அது பதுக்குவது காலுறை, சாவிக்கொத்து, டிவி ரிமோட். சோஃபாவுக்குப் பின்னால் கைவிட்டால் வீட்டில் தொலைந்ததெல்லாம் கிடைக்கும். வேடிக்கைதான், ரப்பரைக் கடிக்காத வரை. ரிமோட்டின் பொத்தான், காலணியின் அடி, அழிப்பான், காதுபொறியின் மெத்தை என்று ரப்பர் எங்கிருந்தாலும் ஃபெரெட்டுக்கு அதன்மேல் ஒரு கிறுக்கு. குடல் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. ஒரு துண்டு போய் அடைத்தால் அறுவைதான். சாய்வு நாற்காலி இன்னொரு எமன். உள்ளே புகுந்து தூங்கிக்கொண்டிருக்கும்போது யாராவது சாய்த்துவிட்டால் கம்பிகளுக்கிடையே நசுங்கிவிடும். அனுபவப்பட்ட அமெரிக்க வீடுகளில் அந்த நாற்காலியையே வைத்துக்கொள்வதில்லை. தலை நுழைந்தால் உடம்பும் நுழையும் என்பதால் குளிர்பெட்டிக்குப் பின்புறம், கழிவுக்குழாய்த் துவாரம், அலமாரி அடி எல்லாம் அடைக்கப்பட வேண்டும். மூலையைத் தேடிப் பின்பக்கமாக நடந்துபோய்க் கழிக்கும் பழக்கம் இருப்பதால் மூலைக்கொரு மணல் தட்டு வைத்தால் பாதிக்கு மேல் வெற்றி கிடைக்கும். பூனையின் ஒழுங்கை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தண்ணீர் பட்டால் கட்டியாகும் மணலை மட்டும் போடக் கூடாது.

நாற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்கக் குட்டிகளின் ஆசனவாய்ச் சுரப்பியை எடுப்பதே நாற்றம் போகும் என்றுதான். உண்மையில் அந்தச் சுரப்பி பயந்தால் மட்டும் ஒரு வீச்சு விடும், சில நிமிடத்தில் காற்றோடு போய்விடும். அன்றாடக் கஸ்தூரி வாடை வருவது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்து. வசந்தத்தில் காயடிக்காத ஆண் தன் சிறுநீரையே பூசிக்கொண்டு மஞ்சளாகத் திரிவான். அவனைக் கூடத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னால் எனக்கும் தயக்கம்தான். மருத்துவக் காரணமின்றிச் சுரப்பியை எடுப்பதைப் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர்கள் அங்கஹீனம் என்றே கருதி மறுத்துவிடுகிறார்கள். இந்த ஒன்றில் கொல்லைப்புறத்தின் பக்கம்தான் நான். அடிக்கடி குளிப்பாட்டுவதும் வீண். எண்ணெய் போன தோல் இரண்டு நாளில் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். படுக்கைத் துணியைத் துவைத்தாலே பாதி வாடை போய்விடும்.

கடி விஷயத்தில் பிரிட்டிஷாருக்கு ஒரு நன்மை உண்டு. வலைக்குப் பக்கத்தில் முயல் வாசனையோடு வெளியே வரும் ஃபெரெட்டை வெறுங்கையால் தூக்க வேண்டும் என்பதால், கண் திறக்கும் பருவத்திலிருந்தே குட்டிகளைத் தினமும் கையிலெடுத்துப் பழக்கிவிடுவார்கள். கடையில் வாங்கும் குட்டி அந்த வயதில் பண்ணையிலும் வண்டியிலும் இருந்திருக்கும். வீட்டுக்கு வந்தபின் கடிக்கப் பழகும். உடன்பிறந்தவற்றின் தடித்த தோலைக் கடித்து விளையாட வேண்டியதை மனிதக் கையில் விளையாடும். அடித்தால் இன்னும் மோசமாகும். பிடரியைப் பிடித்துச் சற்றுத் தூக்கி நிறுத்தினால் கொட்டாவி விட்டு அடங்கும். விளையாட்டு மூண்டால் முதுகை வளைத்து, வாயைத் திறந்து, பக்கவாட்டில் துள்ளி, சுவரில் மோதி விழும். கூடவே கொக்-கொக் என்று அடிக்குரல். முதன்முறை பார்ப்பவர் வலிப்பு என்று பயப்படுவார். சந்தோஷம்தான் அது.

வெப்பம் மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது எதிரி. ஃபெரெட்டுக்கு வியர்க்காது. 30 பாகையைத் தொட்டாலே ஆபத்து. வெயில் படும் இடத்தில் கூண்டை வைத்துவிட்டு இங்கிலாந்தின் மிதமான கோடையிலேயே பறிகொடுத்தவர்கள் உண்டு. சென்னையில் இதை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், இரவும் பகலும் ஏசி ஓடும் அறையையும் மின்தடைக்கான மாற்று ஏற்பாட்டையும் கணக்கில் வைத்துவிட்டு யோசிக்கட்டும். இல்லாவிட்டால் சித்திரையிலேயே கதை முடிந்துவிடும்.

சட்டம் இரண்டு நாட்டிலும் இரண்டு முகம் காட்டுகிறது. பிரிட்டனில் ஃபெரெட் வைத்திருக்க யாரும் உரிமம் கேட்பதில்லை. ஐரோப்பியப் பயண விதிகளில் நாய், பூனையோடு மூன்றாவதாக இடம்பெற்ற செல்லப் பிராணி இதுதான். அமெரிக்காவில் கலிபோர்னியாவும் ஹவாயும் இன்றும் இதைத் தடை செய்கின்றன. நியூயார்க் நகரம் 1999ல் விதித்த தடையை நீக்க 2015ல் வந்த முயற்சி நகர நலவாழ்வு வாரியத்தில் தோற்றது. வெறிநோய்ப் பயம் ஒரு காரணம். ஃபெரெட்டுக்கான வெறிநோய்த் தடுப்பூசிக்கு அங்கே 1990ல் ஒப்புதல் கிடைத்த பிறகும் அந்தப் பயம் முழுதாக இறங்கவில்லை. தப்பி ஓடிக் காட்டுப் பறவைகளை அழிக்கும் என்பது இன்னொரு காரணம். நியூசிலாந்தில் 1880களில் முயலை ஒழிக்க இதைக் கொண்டுபோய் விட்டு, அது பறக்கத் தெரியாத பறவைகளைத் தின்றதும், 2002ல் விற்பனையையும் இனப்பெருக்கத்தையும் தடை செய்ததும் அந்தப் பயத்துக்கு ஆதாரம். ஆனால் நியூசிலாந்தில் விட்டது முழு உடம்புள்ள ஃபெரெட்டுகளை. ஐந்தாவது வாரத்தில் அறுக்கப்பட்ட, உருண்டைத் தீனிக்குப் பழகிய அமெரிக்கக் கடைக்குட்டி காட்டில் ஒரு தலைமுறையும் உண்டாக்க முடியாது. இந்த ஒரு வாதத்தில் அமெரிக்க அறுவை தனக்குத்தானே சாட்சி சொல்கிறது.

இப்போது இரண்டு வீடுகளும் ஒரே மருந்தை நோக்கி வந்துகொண்டிருக்கின்றன. டெஸ்லோரெலின் என்ற அரிசி அளவுக் குச்சியைத் தோளிடுக்கில் தோலுக்கடியில் வைத்தால், மூளையிலிருந்து போகும் அந்த ஓயாத கட்டளை முதலில் சில நாள் கூடி, பிறகு அடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் 4.7 மில்லிகிராம் குச்சியை, அட்ரினல் நோய் வந்த ஃபெரெட்டுக்கு மருந்தாகப் பயன்படுத்த 2012ல் வழி திறந்தார்கள். ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை புதிதாக வைக்க வேண்டும், உதிர்ந்த ரோமம் சில மாதத்தில் முளைத்துவிடுகிறது. ஐரோப்பாவில் 9.4 மில்லிகிராம் குச்சியை ஆண் ஃபெரெட்டுக்கு அறுவைக்குப் பதிலாகவே வைக்கிறார்கள். பிரிட்டிஷ் மருத்துவர்கள் பெண்ணுக்கும் பருவம் தொடங்கும் முன் வைத்து, இரவல் ஆணையும் ஆண்டு ஊசியையும் தவிர்க்கிறார்கள். ஒஹாயோ மாணவி கத்தி பட்ட பின் அதை வாங்குகிறாள். யார்க்‌ஷர் முதியவர் கத்தி வேண்டாம் என்பதற்காக வாங்குகிறார். விலை இரண்டு ஊரிலும் ஃபெரெட்டின் விலையைத் தொடும் அல்லது தாண்டும் என்பதால், குட்டி வாங்கப் போகும் நாளிலேயே அதற்கும் பணம் ஒதுக்கிவைக்கச் சொல்கிறார்கள்.